கெண்டை மீனுக்கு உள்ளூர்த் தீவனம்

(ஒரகடம் வட்டாரத்தில் பண்ணைக் குட்டை வைத்திருக்கும் விவசாயிகளிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் உழவியல் ஆசிரியன். நெல்லுக்கு எத்தனை கிலோ தழைச்சத்து, எந்த நாளில் களை எடுப்பது என்று கேட்டால் தயங்காமல் சொல்வேன். மீன்வளப் படிப்பு படித்தவன் அல்ல. ஒருங்கிணைந்த பண்ணையம் என்ற பெயரில் வயலோரத்தில் குட்டை, குட்டையில் மீன், வரப்பில் அகத்தி என்று சேர்த்துப் பார்க்கத் தொடங்கிய பிறகுதான் மீனுக்குத் தீனி போடும் வேலையையும் கற்றுக்கொண்டேன். அதில் ஒரு பகுதியை இன்னொருவருடைய நஷ்டத்தில் கற்றுக்கொண்டேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

இந்த வட்டாரத்தின் நிலை உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று போகம் பேசிய ஊர்கள் இவை. இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் கார் உற்பத்தி தொடங்கியது. 2010இல் ஒரகடத்திலும் கார்த் தொழிற்சாலை வந்தது. அதன் பிறகு நிலம் சுருங்கிப்போயிற்று. மகனும் மகளும் ஷிப்டுக்குப் போகிறார்கள். நாற்று நட ஆள் கிடைப்பதில்லை. மிஞ்சிய ஒரு ஏக்கரில் அரை ஏக்கரைக் குட்டையாக்கியவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். சிலருடைய குட்டை, மண் எடுத்து விற்ற பள்ளம். அதையும் பயன்படுத்தலாம், தவறில்லை.

மீனை எங்கே விற்பது என்ற கவலை இந்த வட்டாரத்தில் இல்லை. ஒடிசா, மேற்கு வங்காளம், பீகார், அசாம் மாநிலங்களிலிருந்து வந்து இங்கே வேலை செய்யும் தொழிலாளர்களுக்கு ரோகுவும் கட்லாவும்தான் மீன். நமக்கு வஞ்சிரமும் வவ்வாலும் எப்படியோ, அவர்களுக்கு இவை அப்படி. ஆனால் அவர்கள் வாங்கும் கெண்டையில் பெரும்பங்கு ஆந்திராவிலிருந்து ஐஸ் பெட்டியில் லாரி ஏறி வருகிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் துள்ளத் துள்ள ஒரு கிலோ ரோகுவைக் கரையிலேயே கொடுத்தால் விலை பேசாமல் வாங்கிப் போகிறார்கள். இதைப் பலரும் கண்டிருக்கிறீர்கள். நம் குட்டைகளில் உள்ள குறை வேறு. பத்து மாதமாகியும் மீன் கால் கிலோவைத் தாண்டுவதில்லை. அந்த அளவு மீனுக்கு முள்தான் அதிகம். வாங்க ஆள் வரமாட்டார்.

ஏன் வளரவில்லை? "குஞ்சு சரியில்லை" என்பது வழக்கமான பதில். சில சமயம் அது உண்மையும்கூட. ஆனால் நான் பார்த்த குட்டைகளில் பத்துக்கு ஏழில் காரணம் தீவனம்தான். சிலர் போடுவதே இல்லை. சிலர் கையில் கிடைத்ததைப் போடுகிறார்கள். சிலர் அளவுக்கு மீறிப் போடுகிறார்கள். இந்த மூன்றாவது வகையில்தான் ஆபத்து அதிகம்.

முதலில் தண்ணீருக்குத் தீனி

கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய மூன்றும் நம் நாட்டு ஆற்று மீன்கள். ஒரு காலத்தில் இவற்றின் குஞ்சுகளை ஆற்றில் வடிகட்டித்தான் சேகரித்தார்கள். 1957ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் தேதி ஒடிசாவில் டாக்டர் ஹீராலால் சௌத்ரியும் டாக்டர் கே. எச். அலிகுன்ஹியும் பிட்யூட்டரிச் சுரப்பிச் சாற்றை ஊசி மூலம் செலுத்திக் கெண்டை மீனைப் பண்ணையிலேயே முட்டையிடச் செய்தார்கள். இன்று நாம் வேண்டும்போது குஞ்சு வாங்க முடிவது அந்தக் கண்டுபிடிப்பினால்தான். அந்த நாளைத்தான் தேசிய மீன் வளர்ப்போர் தினமாகக் கொண்டாடுகிறார்கள்.

இந்த மூன்றையும் ஒரே குட்டையில் விடுவதற்குக் காரணம் உண்டு. கட்லாவின் வாய் மேல்நோக்கி இருக்கும். அது மேல்மட்டத்தில் மிதக்கும் நுண்ணுயிர்களை உண்ணும். ரோகு நடுத்தண்ணீரில் மேயும். மிர்கால் அடியில் மண்டியைக் கிளறித் தின்னும். ஆகவே ஒன்றின் உணவுக்கு மற்றொன்று போட்டியில்லை. 100 குஞ்சுக்கு 40 கட்லா, 30 ரோகு, 30 மிர்கால் என்பது நமக்குப் பொருத்தமான கணக்கு. எக்டருக்கு 5,000 குஞ்சு, அதாவது 50 சென்ட் குட்டைக்கு 1,000 குஞ்சு போதும். "இன்னும் ஐந்நூறு விட்டால் என்ன?" என்று ஆசை வரும். பந்தியில் இலை போடும்போது அந்த ஆசை வேண்டாம்.

இந்த மீன்களின் முதல் உணவு நாம் போடும் தீவனம் அல்ல. தண்ணீரில் தானாக உண்டாகும் பச்சைப் பாசியும் அதைத் தின்று வாழும் சிற்றுயிர்களும்தான். இது செலவில்லாத உணவு. புரதமும் வைட்டமினும் நிறைந்தது. கடையில் வாங்கும் எந்தத் தீவனமும் இதற்கு ஈடாகாது. ஆகையால்தான் நாம் போடுவதை மேலுணவு என்கிறோம். சோறு குட்டையில் விளையவேண்டும். நாம் போடுவது குழம்பும் கறியும்.

அந்தச் சோறு விளைய, 50 சென்ட் குட்டைக்கு 40 கிலோ சுண்ணாம்பு தூவி, ஒரு வாரம் கழித்து 400 கிலோ சாணத்தைக் கரைத்து இடவேண்டும். பிறகு மாதம் 200 கிலோ சாணம் போதும். மண் எடுத்த பள்ளமாக இருந்தால் அடியில் இருப்பது உயிரில்லாத அடிமண். மேல்மண் லாரியில் போய்விட்டது. அங்கே தண்ணீர் பச்சை கட்டச் சில மாதம் பிடிக்கும். களிமண் கலங்கலும் எளிதில் தெளியாது. அத்தகைய குட்டையில் முதல் ஆண்டு சாணத்தைக் கூட்டி இடுங்கள். குஞ்சைக் குறைத்து விடுங்கள்.

பச்சை போதுமா என்று பார்க்கக் கருவி வேண்டாம். காலை பத்து மணிக்குக் கையை நீட்டித் தண்ணீரில் இறக்குங்கள். முழங்கை நனையும்போது உள்ளங்கை மங்கி மறைந்தால் தண்ணீர் சரியாக இருக்கிறது. தோள் வரை நனைந்தும் விரல்கள் தெரிந்தால் எரு போதவில்லை. மணிக்கட்டு நனையும்போதே விரல் மறைந்தால் சாணத்தை உடனே நிறுத்தவேண்டும். இந்தச் சோதனையை வாரம் ஒரு முறையாவது செய்யுங்கள். பின்னால் நான் சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் இதுதான் அடிப்படை.

தவிடும் பிண்ணாக்கும்

கெண்டைக் குஞ்சுக்குத் தீவனத்தில் நூற்றுக்கு 30 முதல் 35 பங்கு புரதம் இருக்கவேண்டும். நடுத்தர மீனுக்கு 25 முதல் 30. பெரிய மீனுக்கு, தண்ணீரில் பச்சை நன்றாக இருக்குமானால், 22 கூடப் போதும். கடலைப் பிண்ணாக்கில் சுமார் 42 பங்கு புரதம். நல்ல தவிட்டில் 13 பங்கு. எந்த விகிதத்தில் கலப்பது?

ஒரு சின்னக் கணக்கு சொல்லித்தருகிறேன். நமக்கு வேண்டியது 27 என்று வைத்துக்கொள்ளுங்கள். 27இலிருந்து தவிட்டின் 13ஐக் கழித்தால் 14. அத்தனை பங்கு பிண்ணாக்கு. பிண்ணாக்கின் 42இலிருந்து 27ஐக் கழித்தால் 15. அத்தனை பங்கு தவிடு. ஏறத்தாழ ஒன்றுக்கு ஒன்று. இதேபோல் 32 வேண்டுமென்றால் பிண்ணாக்கு 19 பங்கு, தவிடு 10 பங்கு; அதாவது இரண்டுக்கு ஒன்று. 22 போதுமென்றால் பிண்ணாக்கு 9, தவிடு 20. ஒன்றுக்கு இரண்டுக்குச் சற்று மேல். ஆகவே குஞ்சுக்குப் பிண்ணாக்கு இரண்டு பங்கு, தவிடு ஒரு பங்கு, நடுவில் சமபங்கு, அரைக் கிலோவைத் தாண்டிய மீனுக்குப் பிண்ணாக்கு ஒரு பங்கு, தவிடு இரண்டு பங்கு. பலர் முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை சமபங்காகவே போட்டுவருகிறார்கள். அதனால் குஞ்சுக்குக் குறைகிறது, பெரிய மீனுக்கு வீணாகிறது. பிண்ணாக்கின் விலையோ தவிட்டைப்போல் இரண்டு மடங்குக்கு மேல்.

எள்ளுப் பிண்ணாக்கு, தேங்காய்ப் பிண்ணாக்கு, சோயாப் பிண்ணாக்கு எது மலிவாகக் கிடைத்தாலும் இதே கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கு மட்டும் கலவையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். ஆமணக்குப் பிண்ணாக்கும் வேப்பம் பிண்ணாக்கும் உரம், தீவனம் அல்ல. இலுப்பைப் பிண்ணாக்கு மீனைக் கொல்லும் விஷம். குட்டையில் விரால், கெளுத்தி போன்ற கொன்றுண்ணி மீன்களை ஒழிக்க, குஞ்சு விடுவதற்கு மூன்று வாரம் முன்பு அதைத்தான் போடுகிறோம். ஒரே கொட்டகையில் இரண்டு பிண்ணாக்கையும் வைத்திருக்கும் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம்.

தவிடு வாங்கும்போது ஏமாறவேண்டாம். பழைய ஹல்லர் மில் தவிட்டில் உமித்தூள் கலந்திருக்கும். உமி எந்த மீனுக்கும் செரிக்காது. ஒரு பிடியைத் தண்ணீரில் போட்டுக் கலக்கினால் உமி மேலே மிதந்து காட்டிக்கொடுக்கும். எண்ணெய் எடுக்காத பச்சைத் தவிடு இரண்டு வாரத்தில் காறல் வாடை அடித்துவிடும்; மூட்டை மூட்டையாக அடுக்கி வைக்கக்கூடாது. எண்ணெய் எடுத்த தவிடு நெடுநாள் இருக்கும்.

பிண்ணாக்கில் வேறு ஆபத்து. ஈரம் பட்டால் பூஞ்சணம் பிடிக்கும். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்தன. ஆராய்ந்து பார்த்ததில் பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கில் பூஞ்சணம் உண்டாக்கிய நஞ்சுதான் காரணம் என்று தெரிந்தது. அஃப்ளடாக்சின் என்ற பெயர் அப்போது வந்தது. அது மீனின் ஈரலையும் கெடுக்கும். ஐப்பசி, கார்த்திகையில் நம் பக்கத்து வீடுகளில் ஓதம் ஏறாத மூலை ஏது? மூட்டையைத் தரையில் வைக்காமல் பலகை மேல், சுவரைத் தொடாமல் வையுங்கள். பச்சையோ கறுப்போ படர்ந்த பிண்ணாக்கை "மீனுக்குத்தானே" என்று போடாதீர்கள். மாட்டுக்கும் போடாதீர்கள்.

அசோலாவும் கேன்டீன் சோறும்

அசோலாவைப் பற்றிப் பேசாமல் போனால் என்னை விடமாட்டீர்கள். அசோலாவில் 22 பங்கு புரதம் இருக்கிறது என்று சொல்கிறோம், எழுதுகிறோம். உண்மைதான். ஆனால் அது காய்ந்த அசோலாவின் கணக்கு. பச்சை அசோலாவில் நூற்றுக்கு 94 பங்கு தண்ணீர். ஒரு கிலோ பச்சை அசோலாவில் இருக்கும் புரதம் 13 கிராம். ஒரு கிலோ கடலைப் பிண்ணாக்கில் 420 கிராம். ஒரு கிலோ பிண்ணாக்குக்கு ஈடாக 32 கிலோ அசோலா அள்ளவேண்டும். ஆகவே அசோலா போட்டேன், பிண்ணாக்கை நிறுத்திவிட்டேன் என்றால் மீன் வளராது. குட்டையில் புல் கெண்டை நூறு விட்டிருந்தால் அதற்கு அசோலா நல்ல தீனி. கம்பு நேப்பியர் புல், அகத்தித் தழை, வாழையிலை எல்லாவற்றையும் புல் கெண்டை தின்னும். அதன் எச்சமே குட்டைக்கு எருவாகும். மற்ற மீனுக்கு அசோலா ஊறுகாய்போல.

இந்த வட்டாரத்துக்கே உரிய இன்னொரு தீனி, கம்பெனி கேன்டீனில் மிஞ்சும் சோறு. டிரம் டிரம்மாக வருகிறது. விலையில்லை அல்லது மிகக் குறைவு. அதைக் குட்டையில் கொட்டும் வழக்கம் சில ஊர்களில் இருக்கிறது. வடித்த சோற்றில் நூற்றுக்கு 3 பங்கு புரதம்கூட இல்லை. மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர். கூடவே சாம்பார், எண்ணெய், உப்பு, சில நாள் பிளாஸ்டிக் உறையும் கரண்டியும் வரும். மீன் தின்றது போக மிஞ்சுவது அடியில் படிந்து புளிக்கும். அது அழுகும்போது தண்ணீரில் கரைந்திருக்கும் பிராணவாயுவை உறிஞ்சிக்கொள்ளும். இலவசமாக வந்த சோறு மீனின் மூச்சை எடுத்துவிடும். எண்ணெய் இல்லாத வெறும் சோறு கிடைத்தால் காயவைத்து இடித்து, தவிட்டில் ஒரு பகுதிக்குப் பதிலாகச் சேர்க்கலாம். அதற்கு மேல் வேண்டாம். கோழிக்கடைக் கழிவு கூடவே கூடாது. கெண்டை அதைத் தின்பதற்குப் பிறந்த மீன் அல்ல. அதைத் தின்னும் ஆப்பிரிக்கக் கெளுத்தியை வளர்க்க நம் நாட்டில் தடை இருக்கிறது.

போடும் முறை

கெண்டைக்கு இரைப்பை கிடையாது. நமக்கும் கோழிக்கும் இருப்பதுபோல் உணவைச் சேமித்து வைக்கும் பை அதற்கு இல்லை. தொண்டையில் இருக்கும் பற்களால் அரைத்து நேரே குடலுக்கு அனுப்பிவிடும். ஆகவே ஒரே வேளையில் பத்துக் கிலோ கொட்டினால் தின்ன முடியாது. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தின்னும். காலை ஒன்பது மணிக்கு மேல் பாதி, பிற்பகல் மூன்று மணி அளவில் பாதி என்று இரண்டு வேளையாவது பிரித்துப் போடவேண்டும். விடியற்காலையில் போடக்கூடாது. அப்போதுதான் தண்ணீரில் பிராணவாயு மிகக் குறைவு.

மாவாகத் தூவினால் காற்றில் பாதி போகும், தண்ணீரில் பாதி கரையும். பிண்ணாக்கை முந்தின இரவே ஊறவைத்து, காலையில் தவிட்டைக் கலந்து, சப்பாத்தி மாவுப் பதத்தில் பிசைந்து உருண்டையாக்கித் தட்டில் வைத்துத் தண்ணீரில் இறக்குவது நெடுநாளைய முறை. இன்னொரு முறை ஆந்திராவில் கொல்லேறு ஏரியைச் சுற்றியுள்ள கெண்டைப் பண்ணைக்காரர்களுடையது. உரச்சாக்கின் அடிப்பாகத்தில் சிறு துளைகள் இட்டு, உள்ளே தவிடும் பிண்ணாக்கும் கலந்த கலவையை நிரப்பி, மூங்கில் கழியில் கட்டித் தண்ணீரில் தொங்கவிடுவார்கள். ரோகுவும் கட்லாவும் வந்து துளையில் வாயை வைத்து உறிஞ்சித் தின்னும். துளை வழியே மீன் எடுத்தால்தான் தீவனம் வெளியே வரும், வீணாவது குறைவு. நம் ஊருக்கு லாரி ஏறி வரும் மீன் பெரும்பாலும் இப்படித் தின்று வளர்ந்ததுதான். அவர்களும் வெளிநாட்டுத் தீவனம் வாங்கிப் போட்டு ஆரம்பிக்கவில்லை. அரிசி மில் தவிட்டில்தான் ஆரம்பித்தார்கள்.

50 சென்ட் குட்டைக்கு நான்கைந்து சாக்குகள் போதும். இரண்டு மணி நேரம் கழித்துத் தூக்கிப் பாருங்கள். காலியாக இருந்தால் மறுநாள் கொஞ்சம் கூட்டலாம். மிச்சம் இருந்தால் அத்தனையும் அன்றே குறைக்கவேண்டும். சாக்கை வாரம் ஒரு நாள் கழுவிக் காயவைக்கவேண்டும். இல்லாவிட்டால் புளித்த வாடைக்கு மீன் அண்டாது. உரம் இருந்த சாக்கை முதலில் நன்றாக அலசிவிடுங்கள் என்று தனியே சொல்லவேண்டுமா?

வசதி உள்ளவர்கள் நாலைந்து பேர் சேர்ந்து குச்சித் தீவனம் செய்யலாம். இடித்துச் சலித்த கடலைப் பிண்ணாக்கு 45 கிலோ, தவிடு 40 கிலோ, கருவாட்டுத் தூள் 5 கிலோ, மரவள்ளிக் கிழங்கு மாவு 8 கிலோ, தாது உப்புக் கலவை 1 கிலோ, சாதா உப்பு 1 கிலோ. இதில் ஏறத்தாழ 27 பங்கு புரதம் நிற்கும். கிழங்கு மாவைக் கொதிநீரில் கஞ்சியாகக் காய்ச்சி ஊற்றி, மற்றவற்றைப் பிசைந்து, ஆவியில் அரைமணி நேரம் வேகவைத்து, ஆறியபின் தாது உப்பைக் கலந்து, இறைச்சி அரைக்கும் இயந்திரத்தில் பிழிந்து, நிழலில் பாதியும் வெயிலில் பாதியும் காயவைக்கவேண்டும். ஒடித்தால் 'படக்' என்று ஒடியவேண்டும். வளைந்தால் ஈரம் இருக்கிறது என்று பொருள். கஞ்சி ஒட்டிப் பிடிப்பதால் இது தண்ணீரில் சட்டென்று கரையாது. இயந்திரம் வாங்க முடியாதவர்களுக்கு முறுக்கு அச்சு இருக்கிறது. ஆனால் வீட்டில் அம்மாவிடம் கேட்டுக்கொண்டு எடுங்கள்.

எவ்வளவு போடுவது என்பதில்தான் தவறு

இப்போது முதலில் சொன்ன நஷ்டத்துக்கு வருகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரகடத்துக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் ஒரு பெரியவருக்கு நான்தான் ஆலோசனை சொன்னேன். அரை ஏக்கர் குட்டை, ஆயிரம் குஞ்சு. நான் பயிர்க்காரன் அல்லவா? நெல்லுக்கு ஏக்கருக்கு இவ்வளவு உரம் என்று எழுதுவதுபோல் ஒரு தாளில் மாதாமாதம் இத்தனை கிலோ என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். ஆயிரம் குஞ்சும் உயிரோடிருக்கிறது, எல்லாம் ஒரே மாதிரி வளர்கிறது என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு. பெரியவர் ஒழுங்கானவர். தாளைச் சுவரில் ஒட்டிவைத்து, ஒரு நாள் தவறாமல் எடை போட்டுப் போட்டார். கார்த்திகையில் ஆறு நாள் சூரியனே தெரியவில்லை. ஏழாம் நாள் விடியற்காலை என் தொலைபேசி ஒலித்தது. நான் போய்ச் சேர்ந்தபோது கட்லாவெல்லாம் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு கரையில் ஒதுங்கியிருந்தது. ரோகு தண்ணீருக்கு மேலே வாயைப் பிளந்துகொண்டிருந்தது. இன்னும் இரண்டு மாதத்தில் பிடிக்கவேண்டிய மீன்.

அவர் திட்டவில்லை. "நீங்க எழுதிக் கொடுத்த தாள்ல மழை நாளைப் பத்தி ஒண்ணும் இல்லையே சார்" என்று மட்டும் சொன்னார்.

நடந்தது இதுதான். பச்சைப் பாசி வெயில் இருந்தால்தான் பிராணவாயுவை வெளிவிடும். மூட்டம் போட்ட நாளில் அதுவும் மீனைப்போல் பிராணவாயுவை உறிஞ்சத்தான் செய்யும். அந்த நிலையில் தின்னாத பிண்ணாக்கும் அடியில் அழுகினால் விடியும் நேரத்துக்குள் தண்ணீரில் மூச்சுக்கு ஒன்றும் மிஞ்சாது. வலை வீசிப் பார்த்தபோதுதான் இன்னொன்றும் தெரிந்தது. குஞ்சில் கால் பங்கு முதல் மாதத்திலேயே பறவைக்கும் பாம்புக்கும் போயிருந்தது. இல்லாத மீனுக்கும் சேர்த்துத்தான் அந்தத் தாள் தீனி போட்டுக்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து நான் யாருக்கும் தாளில் கிலோ எழுதிக் கொடுப்பதில்லை. கணக்குப் போடும் முறையைத்தான் சொல்கிறேன். மாதம் ஒரு முறை வீச்சு வலை போட்டு 25 மீனாவது பிடியுங்கள். ஒரு வாளித் தண்ணீரோடு எடை போட்டு, வாளியின் எடையைக் கழித்து, மீன் எண்ணிக்கையால் வகுத்தால் சராசரி எடை கிடைக்கும். விட்ட குஞ்சு 1,000. நூற்றுக்கு 85 பிழைத்திருக்கும் என்றால் 850. சராசரி எடை 150 கிராம் என்றால் குட்டையில் இருக்கும் மீன் 127 கிலோ. அதில் நூற்றுக்கு 3 பங்கு, ஒரு நாளைக்கு 3 கிலோ 800 கிராம் தீவனம். குஞ்சாக இருக்கும்போது 5 பங்கு, நடுவில் 3 பங்கு, அரைக் கிலோவைத் தாண்டினால் 2 பங்கு, பிடிக்கும் தறுவாயில் ஒன்றரை. தண்ணீர் நல்ல பச்சையாக இருந்தால் இதிலும் குறைக்கலாம். இந்த அளவு மேல் வரம்புதான். அன்றன்றைய அளவைச் சாக்கில் மிஞ்சுவதைப் பார்த்துத்தான் முடிவுசெய்யவேண்டும்.

மூட்டமான நாளில் பாதி போடுங்கள். மூன்றாம் நாளும் மூட்டமாக இருந்தால் நிறுத்திவிடுங்கள். சாணமும் வேண்டாம். ஒரு வாரம் தீனியில்லாவிட்டால் எந்தக் கெண்டையும் சாகாது, இளைக்கக்கூட இளைக்காது. விடியற்காலையில் மீன் மேலே வந்து வாயைப் பிளந்தால் மோட்டாரைப் போட்டுக் கிணற்றுத் தண்ணீரை உயரத்திலிருந்து தெறிக்கும்படி விடுங்கள். கிணறு இல்லாவிட்டால் குட்டைத் தண்ணீரையே இறைத்துக் குட்டையில் கொட்டுங்கள். இங்கே அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்காலம். 2015 டிசம்பரில் கரை உடைந்து மீன் போனது உங்களுக்கு மறந்திருக்காது. அந்த மாதங்களில் மூட்டைக் கணக்கில் தீவனம் வாங்கி வைப்பதும் புத்திசாலித்தனம் அல்ல.

அளந்து போடுவதால் என்ன லாபம்? ஒரு பேச்சுக்குப் பிண்ணாக்கு கிலோ 50 ரூபாய், தவிடு 20 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சமபங்குக் கலவை கிலோ 35 ரூபாய். தூவிப் போட்டு ஒரு கிலோ மீனுக்கு 3 கிலோ தீவனம் செலவானால் 105 ரூபாய். சாக்கில் கட்டி, எடை பார்த்துப் போட்டு அதை 2 கிலோ 200 கிராமுக்குக் கொண்டுவந்தால் 77 ரூபாய். கிலோவுக்கு 28 ரூபாய் மிச்சம். அரை ஏக்கரில் 500 கிலோ மீன் எடுத்தால் 14,000 ரூபாய். கெண்டை வளர்ப்பில் செலவில் பாதிக்கு மேல் தீவனத்துக்கே போகிறது. உங்கள் ஊர் விலையைப் போட்டு நீங்களே கணக்குப் பாருங்கள்.

கோடையில் வற்றும் குட்டைக்காரர்களுக்கு ஒன்று. நவம்பரில் நிரம்பி ஜூனில் வற்றும் குட்டையில் விரல் அளவுக் குஞ்சை விட்டால் எத்தனை பிண்ணாக்கு போட்டாலும் கிலோ மீன் வராது. ஆந்திராக்காரர்கள் குஞ்சை ஒரு சிறு குட்டையில் நெருக்கமாக வைத்து, அரை வயிற்றுத் தீனியில் ஓராண்டு வைத்திருந்து, 100 கிராமுக்கு மேல் ஆனதைப் பெரிய குட்டையில் விடுகிறார்கள். பட்டினி கிடந்த குஞ்சு நல்ல தீனியைக் கண்டதும் வேகமாகத் தேறுகிறது. உங்களில் தண்ணீர் வற்றாத குட்டை உள்ள ஒருவர் குஞ்சு வளர்த்து மற்றவர்களுக்குக் கொடுத்தால் அதுவே ஒரு தொழில். ஏழு மாதத்தில் முக்கால் கிலோ, ஒரு கிலோ மீன் எடுக்கலாம்.

பிடிப்பதற்கு முந்தின நாள் தீவனம் வேண்டாம். வயிறு காலியாக இருந்தால் மீன் தொட்டியில் தண்ணீரைக் கெடுக்காது. உயிரோடு அதிக நேரம் நிற்கும்.

பேச்சு போதும். வீச்சு வலையும் தராசும் கொண்டுவந்திருக்கிறேன். இந்த வீட்டுக்காரர் தம் குட்டையில் எடை பார்க்க அனுமதி கொடுத்திருக்கிறார். வாளி ஒன்று மட்டும் யாராவது எடுத்துக்கொண்டு வாருங்கள், கரைக்குப் போவோம். கேள்விகளை அங்கே வைத்துக்கொள்ளலாம்.